நாலு மொழியில் ஒரு சூரியக் கறை

[காட்சி: கொடைக்கானல், அப்சர்வேட்டரிக்கு ஏறும் சாலை. காலை வெயில், மரங்களுக்கு இடையே மிச்சப் பனி. குரல் மட்டும்.]

வணக்கம். போன வாரம் அக்கா மகன் ஒரு சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். பதினொன்றாம் வகுப்பு, பள்ளிக் கண்காட்சிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டுமாம். ஆங்கிலம், பிரெஞ்சு, பாரசீகம், தமிழ் என்று நாலு கட்டம் போட்டு இயற்பியல், வானியல் சொற்களை வரிசையாக எழுதியிருந்தான். "பாரசீகம் எதுக்குடா?" என்றேன். "மத்தவங்க எல்லாரும் இந்திதான் போடுவாங்க மாமா" என்றான். காரணம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பயல் ஒவ்வொரு சொல்லையும் போனில் தட்டி, வந்ததை அப்படியே எழுதி வைத்திருக்கிறான், அங்கேதான் வம்பு.

[காட்சி: மொட்டை மாடி. ஸ்டாண்டில் பைனாகுலர், எதிரே வெள்ளை அட்டை.]

முதல் வரி சூரியப் புள்ளி. சரி, அதைப் பார்த்துவிட்டே பேசலாம் என்று பைனாகுலரின் ஒரு பக்கத்தை மூடி, மறுபக்கத்தில் வரும் வெளிச்சத்தை அட்டையில் விழ வைத்தோம். (சூரியனை நேராகப் பார்த்துவிடாதீர்கள், பைனாகுலரில் ஒரு நொடி பார்த்தாலும் கண் போய்விடும்.) உள்ளங்கை அளவு வெளிச்ச வட்டம், ஓரமாகக் கடுகு ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு புள்ளி, உற்றுப் பார்த்தால் நடுவில் கறுப்பு, சுற்றிலும் சாம்பல். ஆங்கிலத்தில் ஸ்பாட், நமக்குப் புள்ளி. பிரெஞ்சில் தாஷ், பாரசீகத்தில் லக்கே, இந்த இரண்டும் கறை, சட்டையில் டீ சிந்தினால் விழுகிறதே அதே கறை. நாம் கறையை நிலாவுக்குக் கொடுத்துவிட்டோம், சூரியனுக்குக் கொடுக்க மனசு வரவில்லை போல.

அந்தக் கறுப்பு நடுவுக்கு ஆங்கிலத்தில் அம்ப்ரா, சாம்பல் வளையத்துக்குப் பெனம்ப்ரா. இரண்டும் லத்தீன், நிழல், கிட்டத்தட்ட நிழல். லத்தீன் தெரியாத பிள்ளைக்கு இவை மனப்பாடம் செய்ய வேண்டிய வெறும் ஓசை. பாரசீகப் பிள்ளைக்கு அப்படி இல்லை: சாயே, நீம்சாயே, அதாவது நிழல், அரை நிழல். தமிழில் கருநிழல், புறநிழல். எனக்கு நீம்சாயேதான் பிடிக்கிறது, புறநிழல் என்றால் வெளியே எங்கோ விழுந்த நிழல் மாதிரி இருக்கிறது.

இந்த அரை நிழலில்தான் நம் ஊர்க் கதை இருக்கிறது.

[காட்சி: ஆய்வகத்தின் பழைய கட்டடம், தூரத்திலிருந்து.]

1792-ல் மதராசில் தொடங்கிய வானாய்வகத்தின் தொடர்ச்சியாக, 1899-ல் இந்த மலையில், 2,343 மீட்டர் உயரத்தில், சூரிய ஆய்வகம் வந்தது. 1904-லிருந்து எடுத்த சூரியப் படங்கள் இங்கே இருக்கின்றன. 1909 ஜனவரியில் இங்கே வேலை பார்த்த வானியலாளர் ஜான் எவர்ஷெட் புள்ளி ஒன்றின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையைப் பார்க்கும்போது, சாம்பல் பகுதியில் அந்தப் பட்டையின் கறுப்புக் கோடுகள் இடம் மாறியிருப்பதைக் கவனித்தார். சூரிய வட்டின் நடுவைப் பார்த்த பக்கம் நீலத்தை நோக்கி, விளிம்புப் பக்கம் சிவப்பை நோக்கி. பஸ் ஹாரன் நம்மை நெருங்கும்போது கீச்சென்றும் தாண்டிப் போன பின் கனத்தும் கேட்கிறதே, அதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர், ஒளியில் அதே சங்கதிதான். அரை நிழலுக்குள் வாயு நடுவிலிருந்து வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். பிரெஞ்சில் எஃபே, பாரசீகத்தில் அசர், ஆனால் எவர்ஷெட் எல்லா மொழியிலும் எவர்ஷெட்தான்.

இப்போது சார்ட்டில் உதைத்த இடத்துக்கு வருவோம். வாயு எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் ஓடுகிறது? ஆங்கிலத்தில் ஸ்பீட் வேறு, வெலாசிட்டி வேறு, தமிழ்நாட்டுப் பாடத்தில் வேகம், திசைவேகம். பயலின் பிரெஞ்சுக் கட்டத்தில் இரண்டுக்கும் வித்தெஸ் என்றே இருந்தது. தப்பு என்று நினைத்து ஒன்றை அடித்திருந்தான். தப்பே இல்லை, பிரெஞ்சில் இரண்டுக்கும் வித்தெஸ்தான், திசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் வெக்டர் என்று முன்னால் ஒட்டிக்கொள்வார்கள். பாரசீகப் பாடப்புத்தகத்தில் தொந்தி, சொர்அத் என்று இரண்டு. (முதலாவதைப் படித்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.) இதைவிட வேடிக்கை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: இலங்கைத் தமிழ்ப் பாடத்தில் ஸ்பீடுக்குக் கதி, வெலாசிட்டிக்குத்தான் வேகம். ஒரே மொழி, ஒரே சொல், கடலைத் தாண்டினால் திசை வந்து ஒட்டிக்கொள்கிறது.

உந்தம், அதாவது ஆங்கில மொமெண்டம், என்ற வரியில் பிரெஞ்சுக்கு மொமான் என்று எழுதியிருந்தான். அது நிஜமாகவே தப்பு. மொமான் என்றால் சுழற்றும் விசை சம்பந்தப்பட்ட வேறு அளவு, ஸ்பேனரின் நுனியைப் பிடித்து நட்டைத் திருகுகிறோமே, அந்தக் கணக்கு. உந்தத்துக்கு அவர்கள் சொல்வது "இயக்கத்தின் அளவு" என்று பொருள் வரும் ஒரு தொடர். பாரசீகத்தில் தெகானே, உலுக்கல், குலுக்கல் என்ற சொல்லிலிருந்து வந்தது. வத்தலக்குண்டு மலைப்பாதையில் டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டதும் நாம் முன்சீட்டில் போய் முட்டுகிறோமே, அதை அனுபவித்த யாரோதான் அந்தச் சொல்லைச் செய்திருக்க வேண்டும்.

ஈரானில் 1851-ல் தொடங்கிய தாருல் ஃபுனூன் என்ற கல்லூரியின் காலத்திலிருந்து மேற்கத்திய அறிவியல் பெரும்பாலும் பிரெஞ்சு வழியாகத்தான் போனது. அதனால் இயற்பியலுக்கு இன்றும் ஃபிஸீக், பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தால் தன் சொல் என்றே நினைப்பார். 1935-ல் சொல்லாக்கத்துக்கென்றே ஃபர்ஹங்கெஸ்தான் என்ற அகாதெமி வைத்தார்கள்.

அப்புறம் காந்தப்புலம். புள்ளிகளில் பலமான காந்தப்புலம் இருக்கிறது என்று 1908-ல் அமெரிக்காவில் ஹேல் என்ற வானியலாளர் கண்டுபிடித்தார். புலம் என்றால் பழைய தமிழில் வயல். பிரெஞ்சில் ஷான், அதுவும் வயல். பாரசீகத்தில் மெய்தான். சொல்லிப் பாருங்கள், நாம் கிரிக்கெட் ஆடும் மைதானமேதான்! பாரசீகத்தில் பூமிக்கு ஸமீன், நம் ஜமீன். ஜமீன்தார் என்று சொல்லும்போது பாதிக் கிரகத்தைத் தூக்கி அவர் கையில் கொடுக்கிறோம்.

[காட்சி: மலையடிவாரச் சாலை, வைக்கோல் ஏற்றிய லாரி.]

கேலக்ஸி கிரேக்கப் பாலிலிருந்து வந்தது, பிரெஞ்சும் அதே பால், நம் பால்வெளியும் பால்தான். பாரசீகத்தில் கஹ்கஷான், வைக்கோலை இழுத்துக்கொண்டு போவது. லாரி போன பின் தார்ச்சாலை நெடுக மஞ்சளாகச் சிந்திக் கிடக்குமே, அதை அண்ணாந்து பார்க்கிற மாதிரி.

கடைசி வரி தொலைநோக்கி. கண்ணாடி வில்லை (லென்ஸ்) வைத்தது என்றால் பிரெஞ்சில் லூனெத், ஆடி (மிரர்) வைத்தது என்றால்தான் தெலஸ்கோப், ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றே. லூனெத் என்றால் சின்ன நிலா, வில்லை வட்டமாக இருப்பதால் வந்த பெயர், மூக்குக்கண்ணாடிக்கும் அதே பெயர்தான். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து பனி ஏறி வந்து அட்டையிலிருந்த வட்டத்தை அழித்துவிட்டது. பயல் தன் இரண்டு சின்ன நிலாக்களையும் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, "அந்த மொமானை அடிச்சிட்டு என்ன எழுத மாமா?" என்றான்.