யாரு பாக்குறாங்கன்னு பாக்காம எறிங்க

வணக்கம்ங்க. நட்பு, காதல், பேஸ்கெட்பால், நாம நாமளாவே இருக்கிறது, இது நாலையும் ஒரே பேச்சுல பேச முடியுமான்னு கேட்டு என்னை இங்க உக்கார வெச்சிருக்காங்க. முடியும்ங்க, ஏன்னா எனக்கு இது நாலும் ஒரே இடத்துலதான் வந்து நிக்குது. ஃப்ரீ த்ரோ கோட்டுல.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுறேன். நீங்க பந்தை எறியும்போது எதிராளி விதியை மீறி உங்க மேல இடிச்சு ஃபவுல் பண்ணிட்டா, ரிங் மாட்டியிருக்கிற போர்டுல இருந்து 15 அடி தள்ளி ஒரு கோடு இருக்கும், அங்க நின்னு நீங்க தனியா எறியலாம். எவனும் குறுக்க வரக்கூடாது, கையை நீட்டித் தடுக்கக்கூடாது, மத்தவங்க எல்லாம் ஒதுங்கி நின்னு வேடிக்கைதான் பாக்கணும். ஆட்டத்துலயே சுலபமான பாயிண்ட் அதுதான், ஆனா பெரிய பெரிய ஆளுங்களுக்கே கை நடுங்குறதும் அங்கதான், ஏன்னா அந்த நேரத்துல மொத்த கூட்டத்தோட கண்ணும் உங்க ஒருத்தர் மேல மட்டும்தான் இருக்கும்.

ரிக் பேரின்னு ஒருத்தர், அமெரிக்காவுல 60கள்லயும் 70கள்லயும் கலக்குனவரு. அவரு ஃப்ரீ த்ரோ எறியுற ஸ்டைலே வேற. ரெண்டு கையாலயும் பந்தைப் பிடிச்சு, காலுக்கு நடுவுல இறக்கி, கீழ இருந்து மேல, பக்கெட் தண்ணியை வீசுற மாதிரி வீசுவாரு. பாக்க சின்னப் புள்ள விளையாட்டு மாதிரி இருக்கும், அதுக்குப் பேரே பாட்டி ஷாட்டுன்னு வெச்சுட்டாங்க. சரி, ரிசல்ட் என்னன்னு கேளுங்க. 1978-79 சீசன்ல 169 எறிஞ்சு 160 உள்ள. மொத்த சீசனுக்கும் ஒம்போதே ஒம்போது மிஸ்! இந்த ஸ்டைலைக் கத்துக் கொடுத்தது அவங்க அப்பா. பையன் முதல்ல மாட்டேன்னுதான் நின்னுருக்காரு, எல்லாரும் சிரிப்பாங்கப்பான்னு. பந்து உள்ள போயிட்டே இருந்தா எவன்டா சிரிப்பான்னு அப்பா சொல்லியிருக்காரு. அப்பாவுக்கு ஒரு விசில் அடிக்கணும்ங்க.

இப்ப அடுத்த ஆளு, வில்ட் சேம்பர்லைன். 7 அடிக்கு மேல உயரம், பேஸ்கெட்பால் சரித்திரத்துலயே ராட்சசன். 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவுல ஹெர்ஷிங்கிற ஊருல ஒரே மேட்சுல 100 பாயிண்ட் போட்டாரு, இன்னிக்கு வரைக்கும் அமெரிக்காவோட பெரிய லீக்கான என்பிஏல எவனும் அதைத் தொடல. அந்த மேட்சை டிவியில காட்டல, வீடியோவே கிடையாது, ஆனா கடைசி குவார்ட்டரோட, அதாவது ஆட்டத்தோட கடைசி கால் பகுதியோட, வானொலி வர்ணனை மட்டும் பதிவாகி நமக்குக் கிடைச்சிருக்கு, இதை ஒரு வானொலி மைக் முன்னாடி சொல்றதுல எனக்கு அவ்ளோ சந்தோஷம். அன்னிக்கு அவரு 32 ஃப்ரீ த்ரோ எறிஞ்சு 28 போட்டாரு. எப்படி எறிஞ்சாரு தெரியுமா? கீழ இருந்து! அதே பாட்டி ஷாட்!

அந்த சீசன் அவரோட ஃப்ரீ த்ரோ 61 சதவீதம், வாழ்க்கையிலேயே அவரோட பெஸ்ட் அதுதான். நாமளா இருந்தா என்ன பண்ணுவோம், அதையே பிடிச்சுட்டுப் போவோம்ல? அவரு விட்டுட்டாரு. திரும்ப மேல இருந்து எறிய ஆரம்பிச்சாரு, கொஞ்சம் கொஞ்சமா இறங்கி 1967-68ல 38 சதவீதத்துல வந்து நின்னாரு. ஏன் விட்டாருன்னு பின்னாடி தன்னோட புத்தகத்துல அவரே மனசு விட்டு எழுதியிருக்காரு, கீழ இருந்து எறியும்போது தனக்கு ஒரு மாதிரி வெக்கமா இருந்துச்சாம், தப்பு பண்றோம்னு தெரிஞ்சும் தன்னால முடியலையாம். 7 அடி மனுஷன், எதிர்ல நிக்கிற எவனுக்கும் பயப்படாதவரு, கேலரியில உக்காந்திருக்கிற யாரோ ஒருத்தன் சிரிச்சுடுவானோன்னு பயந்திருக்காரு பாருங்க. எனக்கு அவரு மேல கோபமே வரல, அப்படியே கட்டிப்பிடிச்சுக்கணும் போல இருக்கு, ஏன்னா இந்த பயம் நம்ம எல்லாருக்குள்ளயும் இருக்கு.

பிடிக்காத ஜோக்குக்கு சத்தமா சிரிக்கிறோம், வர மனசே இல்லாத டூருக்கு முதல் ஆளா சூப்பர் மச்சின்னு மெசேஜ் போடுறோம், குரூப் போட்டோவுல பல்லு வலிக்க சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்து கட்டில்ல தொப்புன்னு விழுறோம், அந்த அசதி எங்க இருந்து வருதுன்னு நினைக்கிறீங்க, நாள் முழுக்க நடிச்ச அசதிங்க அது. என்னைக் கேட்டா ஃப்ரெண்டு யாரு, கூட்டம் யாருன்னு பிரிக்க ஒரே கேள்விதான். இவன் முன்னாடி நான் கீழ இருந்து எறிவேனா? எறிவேன்னா அவன் ஃப்ரெண்டு. இவன் முன்னாடி ஸ்டைலா எறியணும்னு தோணுச்சுன்னா அவன் ரசிகன், அவன் டிக்கெட் வாங்கிட்டு வந்தவன், மேட்ச் முடிஞ்சதும் எழுந்து போயிடுவான்.

காதலுக்கு வர்றேன், அதுக்குத்தானே காத்துட்டு இருக்கீங்க!

என் ஃப்ரெண்டு ஒருத்தன், ஒரு பொண்ணை ரொம்ப பிடிச்சுப்போச்சு அவனுக்கு, அந்தப் பொண்ணு காலேஜ் டீம்ல ஆடுறவங்க, இவன் நேரா போய் எனக்கும் பேஸ்கெட்பால்னா உயிருங்கன்னு அடிச்சு விட்டுட்டான். ஒரு நாள் மேட்சுக்கு வாங்கன்னு அவங்க கூப்பிட்டாங்க, இவனும் போய் முன்வரிசையில உக்காந்துட்டான். முதல் பாதி முழுக்க சரியாதான் போச்சு, இடது பக்க ரிங்ல பந்து விழுந்தா கை தட்டணும்னு மனப்பாடம் பண்ணிட்டான். ஆனா ஹாஃப் டைம் முடிஞ்சதும் ரெண்டு டீமும் பக்கம் மாறும்ல, அது நம்மாளுக்கு யாருமே சொல்லலை. எதிர் டீம் பாயிண்ட் போடப் போட இவன் எழுந்து நின்னு குதிக்கிறான், விசில் அடிக்கிறான், அந்தப் பொண்ணு டிஃபென்ஸ் ஆடிட்டு மூச்சு வாங்கிட்டு திரும்பிப் பாக்குறாங்க, இவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டுறான்! ஒரு குவார்ட்டர் முழுசும் இதே கூத்து.

மேட்ச் முடிஞ்சு அவங்க வந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்களாம், உங்களுக்கு இந்த ஆட்டம் எவ்ளோ தெரியும்னு. இவன் ஒண்ணுமே தெரியாதுங்க, உங்களைத்தான் தெரியும்னு உண்மையைச் சொல்லிட்டான். அன்னிக்குத்தான் அவங்க முதல் தடவையா இவனைப் பாத்து வயிறு வலிக்க சிரிச்சாங்களாம். அப்புறம் அவங்களே உக்கார வெச்சு டிராவலிங்னா என்ன, டபுள் டிரிப்ளிங்னா என்னன்னு ஆட்டத்தோட ரூலை எல்லாம் கத்துக் கொடுத்தாங்க, இன்னிக்கு ரெண்டு பேரும் கல்யாணம் ஆகி நல்லா இருக்காங்க, வீட்டுல மேட்ச் பாக்கும்போது ரெஃப்ரியோட சண்டை போடுறது இப்ப இவன்தான். அந்தப் பொய்யை இன்னும் ஆறு மாசம் இழுத்திருந்தான்னா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இல்லாத ஒரு ஆளை அவங்க காதலிச்சிருப்பாங்க, இவன் அந்த இல்லாத ஆளைப் பாத்துப் பொறாமைப்பட்டிருப்பான். நிறைய பேர் வீட்டுல இதுதான் நடக்குது, சிரிப்பா சொன்னாலும் எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

அப்புறம் பேச்சு. டிஃபென்ஸ் ஆடும்போது வாயைத் திறந்து கத்தணும்ங்க, ஸ்கிரீன் வருது, லெஃப்ட்ல வருது, ஸ்விட்ச், ஹெல்ப்னு. பின்னாடி வர்றவனை முன்னாடி நிக்கிறவனால பாக்க முடியாது, பாக்குறவன்தான் சொல்லணும். சொல்லாம விட்டா ஃப்ரெண்டு போய் எதிராளியோட தோள்ல நேரா மோதுவான். ஆனா வீட்டுல மட்டும், அவளே புரிஞ்சுக்கட்டும், அவனே வந்து கேக்கட்டும்னு உக்காந்திருக்கோம். எப்படிங்க புரியும், முதுகுக்குப் பின்னாடி நடக்குறது?

ஒரு மனுஷனைத் தெரிஞ்சுக்கணும்னா சாயங்காலம் ரெஃப்ரி இல்லாம சும்மா ஆடுற மேட்சுல அவனைப் பாருங்க. அங்க ஃபவுலை அவங்கவங்களே சொல்லிக்கணும். காத்து பட்டாலே ஃபவுல்னு உக்காந்துடுறவன் ஒருத்தன் இருப்பான். ஆட்டம் முழுக்க பால் பால் பால்னு கையைத் தட்டிட்டே இருந்துட்டு பந்து கைக்கு வந்ததும் கண்ணை மூடி ஒரு எறி எறியுறவன் ஒருத்தன் இருப்பான். ஸ்கோர் என்னன்னு கேட்டா எப்பவுமே தன் டீமுக்கு ரெண்டு பாயிண்ட் சேர்த்துச் சொல்ற கணக்குப்புலி ஒருத்தன். இவங்களுக்கு நடுவுல சத்தமே போடாம ஒருத்தன் வந்து எதிராளியோட வழியில சிலை மாதிரி நிப்பான், இடி வாங்குவான், அந்த கேப்புல நீங்க ஃப்ரீயா ஷாட் அடிப்பீங்க, எல்லாரும் வந்து உங்க கையைத் தட்டுவாங்க. அவன் நெஞ்சைத் தடவிட்டு டிஃபென்ஸுக்கு ஓடிட்டு இருப்பான். அவன் நம்பரை வாங்கி வெச்சுக்கங்க. நிஜமாத்தான் சொல்றேன், அப்படிப்பட்ட ஆளுங்க ரொம்ப கம்மி.

எதிராளி கூட நட்பாக முடியும், அதுக்கும் ஒரு கதை இருக்கு. லேரி பேர்டும் மேஜிக் ஜான்சனும் 1979 காலேஜ் ஃபைனல்ல இருந்தே முட்டிக்கிட்டவங்க. ஒருத்தரு ஆட்டத்துக்கு வெளிய அதிகம் பேச மாட்டாரு, இன்னொருத்தரு சிரிப்பை நிறுத்தவே மாட்டாரு. 80கள்ல கான்வர்ஸ் ஷூ விளம்பரத்துக்காக மேஜிக், பேர்டோட ஊரு ஃப்ரெஞ்ச் லிக்குக்குப் போகவேண்டி வந்துச்சு. அங்க பேர்டோட அம்மா அவரைக் கட்டிப்பிடிச்சு வரவேற்று சாப்பாடு போட்டாங்க, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பேசினப்பதான் ரெண்டு பேருமே கஷ்டப்பட்ட வீட்டுல இருந்து வந்தவங்கன்னு புரிஞ்சுது. அதுக்காக பேர்டு வாயாடியாவும் மாறல, மேஜிக் அமைதியாவும் மாறல, அவங்கவங்க அவங்கவங்களாவே இருந்தாங்க, அடுத்த சீசன்லயும் விட்டுக் கொடுக்காமதான் மோதுனாங்க. ஆனா ஃப்ரெண்ட்ஸ்.

கடைசியா ஒரு கதை. இதுல மட்டும் ஜோக் இல்ல.

மாரிஸ் ஸ்டோக்ஸ், ஜேக் ட்வைமன். ரெண்டு பேரும் சின்சினாட்டி ராயல்ஸ் டீம்ல ஒண்ணா ஆடுனவங்க. ஸ்டோக்ஸ் கறுப்பினத்தவர், ட்வைமன் வெள்ளைக்காரர், காலம் 1950கள், அமெரிக்கா அப்ப எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. 1958 மார்ச்ல ஒரு மேட்சுல ஸ்டோக்ஸ் கீழ விழுந்து தலை தரையில மோதி மயங்கிட்டாரு. தெளிய வெச்சு திரும்ப ஆட விட்டாங்க. மூணு நாள் கழிச்சு இன்னொரு மேட்சும் ஆடுனாரு, அன்னிக்கு ஊர் திரும்புற விமானத்துல வலிப்பு வந்து, உடம்பு மொத்தமும் அசையாமப் போச்சு. வயசு 24.

ட்வைமனுக்கு வயசு 23. ஸ்டோக்ஸோட குடும்பம் வேற ஊரு, ஆஸ்பத்திரி பில் ஏறிட்டே போகுது, ஸ்டோக்ஸோட பேங்க் பணத்தைக் கூட சட்டப்படி ஒருத்தர் பொறுப்பெடுத்தாத்தான் தொட முடியும். ட்வைமன் போய் அவரோட சட்டபூர்வ கார்டியனா கையெழுத்துப் போட்டாரு. ஸ்டோக்ஸால பேச முடியாது, ட்வைமன் ஒவ்வொரு எழுத்தா சொல்லுவாரு, சரியான எழுத்து வரும்போது ஸ்டோக்ஸ் கண்ணைச் சிமிட்டுவாரு, அப்படித்தான் ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க. ஒரு வார்த்தைக்கு எவ்ளோ நேரம் ஆகும் யோசிச்சுப் பாருங்க, நாம வாய்ஸ் மெசேஜையே ரெண்டு மடங்கு ஸ்பீடுல கேக்குற ஆளுங்க. இதுக்கு நடுவுலதான் ட்வைமன் 1959-60ல மேட்சுக்கு சராசரியா 31 பாயிண்ட் போட்டுட்டு இருந்தாரு. ஆஸ்பத்திரி செலவுக்காக வருஷா வருஷம் ஒரு நன்கொடை மேட்ச் நடத்துனாரு, பெரிய பெரிய ஸ்டாருங்க எல்லாம் வந்து ஆடிக் கொடுத்தாங்க, வில்ட் சேம்பர்லைன் உட்பட. 1970ல ஸ்டோக்ஸ் சாகுற வரைக்கும், 12 வருஷம், ட்வைமன் கூடவே இருந்தாரு.

2004ல ஸ்டோக்ஸை, பேஸ்கெட்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க. அவருக்காக மேடை ஏறி அதை வாங்குனதும் ட்வைமன்தான். 2013ல இருந்து என்பிஏ இவங்க ரெண்டு பேரு பேருலயும் சேர்த்து, சிறந்த டீம்மேட்டுன்னு வருஷா வருஷம் ஒரு விருது கொடுக்குது. அதுக்கு எத்தனை பாயிண்ட், எத்தனை ரீபவுண்ட்னு கணக்கு பாக்கறதில்ல. கூட ஆடுறவங்களும் எதிர்த்து ஆடுறவங்களும்தான் ஓட்டு போடுறாங்க.

எனக்குக் கொடுத்த நேரம் முடிஞ்சுதுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுறாங்க. இவ்ளோ நேரம் காது கொடுத்ததுக்கு நன்றிங்க, போயிட்டு வர்றேன்.