படம் குடியிருக்கும் வீடு

வணக்கம் நேயர்களே. மாரி முடிந்து தை பிறந்ததும் மட்டக்களப்பில் புளியந்தீவின் பழைய வீடுகளைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். விறாந்தைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கும். விரல் வைத்தால் மாவாய் உதிரும். பழைய வீட்டைத் திருத்தி ஓவியங்கள் வைக்கலாமே என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த உப்புத்தான்.

ஆனால் ஆசை நல்ல ஆசை. கொழும்பில், பார்ன்ஸ் பிளேசில், ஓவியர் ஹரி பீரிஸ் தான் வாழ்ந்த வீட்டையே 1974இல் சபுமல் அறக்கட்டளையாக்கினார். 1943இல் தொடங்கிய '43 குழு' என்ற ஓவியர் கூட்டத்தின் படங்கள் அங்கே இருக்கின்றன: ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல. ஓட்டுக் கூரையின் கீழே அறை அறையாக நடக்கலாம். பெரிய மண்டபத்தில் படம் நம்மைக் கூப்பிட்டு நிறுத்தும். வீட்டில் அது பேசாமல் இருக்கும், நாம்தான் கிட்டப் போகவேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

வீடு செலவும் வைக்கும். சுவிற்சர்லாந்தின் பாடன் நகரில் லாங்மாட் என்றொரு மாளிகை. பிரவுண் குடும்பம் 1900, 1901 காலத்தில் கட்டியது. ரெனுவார், செசான் என்று பிரெஞ்சு ஓவியர்களின் படங்களை வாங்கிச் சேர்த்தார்கள். 1990இல் அது அருங்காட்சியகமானது. பிறகு அறக்கட்டளையின் கையில் காசு குறைய, 2023இல் நியூயோர்க்கில் மூன்று செசான் படங்களை ஏலத்தில் விற்றார்கள். படங்களுக்காக வைத்திருக்கும் வீட்டை, படங்களை விற்றுக் காப்பாற்றுவது! சரி, அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லைபோலும்.

நமக்கு விற்பதற்குச் செசான் இல்லை. சுவரிலிருந்துதான் தொடங்கவேண்டும். பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விட்டுவிடும். உறுதியாக இருக்கட்டும் என்று அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு மேலே ஏறும்; சீமெந்து முடிகிற இடத்தில் உப்பாய் வெடிக்கும். நாம் படம் மாட்டுகிற உயரமும் அநேகமாக அதுதான். மாரியில் சட்டத்து மரம் ஊதும், கச்சான் காற்றில் காய்ந்து சுருங்கும், வர்ணம் வெடிக்கும்.

நான் வரைந்த படமொன்றை ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்துக் கேட்டுப் போனேன். தேத்தண்ணி தந்து, "படம் நல்லாத்தான் இருக்கு சேர், பின்பக்கம்தான் கொஞ்சம்..." என்றார்கள். திருப்பிப் பார்த்தேன். சட்டம் முழுக்கக் கறையான் புற்று. துணியில் பூஞ்சணம், தேமல் போலப் பரவியிருந்தது. முன்பக்கத்தில் மீன்காரி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கல்லடியில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வெளியேறும் பிள்ளைகள் நல்ல படங்கள் வரைகிறார்கள். அவற்றில் பல பிறகு கட்டிலுக்கடியில்தான் கிடக்கின்றன. நான் போகிற வழியில் ஒரு பூட்டிய வீடு. சொந்தக்காரர் வெளிநாட்டில். தூண்கள் அப்படியே நிற்கின்றன, கூரைப் பீலியில் மட்டும் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், படம், கண்காட்சி எல்லாம் அப்புறம் பேசலாம். ஐப்பசி மழைக்கு முன்னம் அந்தக் கன்றைப் பிடுங்கச் சொல்லுங்கள்.