கிராஃபில் இருப்பதும் இல்லாததும்: ஆட்டிசம் ஆய்வை மாநாட்டில் வைக்கும்போது

திரையில்: பெரிய அரங்கம். வரிசை வரிசையாக போஸ்டர் பலகைகள். கழுத்தில் அடையாள அட்டையோடு ஆட்கள்.

மே மாதக் கடைசி. அமெரிக்காவில் மெமோரியல் டே விடுமுறையை ஒட்டி நடத்தைப் பகுப்பாய்வாளர்கள், அதாவது ஒருவரின் நடத்தையை எண்ணிப் பார்த்து அதை மாற்றும் வழி தேடுபவர்கள், கூடுகிற பெரிய மாநாடு இது. நடத்துவது ஏபிஏஐ என்ற சர்வதேசச் சங்கம். 1974-இல் அந்நாட்டின் மத்திய மேற்குப் பகுதிக்காரர்கள் தொடங்கியது. கல்வி, விலங்குப் பயிற்சி, அலுவலக நிர்வாகம் என்று எல்லாத் தலைப்பும் இங்கே உண்டு என்றாலும், ஆட்டிசத்துக்குப் பெரிய இடம்.

இங்கே ஒரு ஆய்வை எப்படிக் காட்டுகிறார்கள், அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய விஷயம்.

திரையில்: வெள்ளைத் தாளில் இரண்டு அச்சுகள் வரையப்படுகின்றன.

மருந்து ஆய்வு என்றால் ஒரு கூட்டத்துக்கு மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு மாவு மாத்திரை, கடைசியில் இரண்டு சராசரி. இந்தத் துறையில் பெரும்பாலும் அப்படி இல்லை. மூன்று குழந்தைகள், நான்கு குழந்தைகள், சில சமயம் ஒரே ஒரு குழந்தை. சராசரி எடுக்காமல் ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு புள்ளி வைத்துக் காட்டுவார்கள். "மூணு பேரை வெச்சு என்ன ஆராய்ச்சி?" என்று வேறு துறைக்காரர்கள் சிரிப்பதுண்டு. அவர்களுக்கான பதில் கிராஃபிலேயே இருக்கிறது.

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதுப் பையன். மேசையில் பாடத்தை வைத்ததும் தலையில் அடித்துக்கொள்கிறான். அடித்தால் பாடத்தை எடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் அந்த அடி, "போதும், நிறுத்துங்கள்" என்று அவன் சொல்லும் விதம். அதையே சொல்ல அவனுக்கு வேறு வழி கற்றுக் கொடுத்தால்? எட்வர்ட் காரும் மார்க் டூராண்டும் என்ற உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இந்த யோசனைதான். பாடம் கடினமாக இருப்பதால் தொல்லை செய்த குழந்தைகளுக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக் கொடுத்தார்கள். உதவி கிடைத்தது, தொல்லை குறைந்தது.

திரையில்: புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. நடுவே செங்குத்தாக ஒரு விட்டுவிட்ட கோடு.

நம் பையனின் கிராஃபுக்கு வருவோம். கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது பேஸ்லைன், அதாவது எதுவும் செய்யாமல், அவன் எத்தனை முறை அடித்துக்கொள்கிறான் என்று மட்டும் எண்ணிய நாட்கள். வலப்பக்கம், அட்டையை நீட்டி இடைவேளை கேட்கக் கற்றுக் கொடுத்த பிறகு. செங்குத்துக் கோட்டைத் தாண்டிப் புள்ளிகளை இணைக்க மாட்டார்கள். ஏனென்றால் அங்கே நிலைமையே மாறிவிட்டது.

இதற்குக் கீழே இரண்டாவது பையன், அதற்கும் கீழே மூன்றாவது. மூவருக்கும் ஒரே நாளில் தொடங்காமல், ஒருவர் பின் ஒருவராகத் தொடங்குவார்கள். முதல் பையனின் புள்ளிகளை இணைக்கும் கோடு இறங்கும்போது மற்ற இரண்டும் அசையாமல் இருந்து, தங்கள் முறை வந்ததும் இறங்கினால், பள்ளி விடுமுறையோ புது டீச்சரோ காரணம் என்று சொல்வது கஷ்டம். மூன்று பேர் போதும் என்பதன் தர்க்கம் இவ்வளவுதான்.

ஆய்வை ஒரே தாளில் அச்சிட்டு மாட்டியிருக்கும் போஸ்டர் முன்னால் நிற்கும்போது முதலில் செங்குத்து அச்சைப் பாருங்கள். பூஜ்யத்தில் தொடங்குகிறதா, அல்லது சின்ன இறக்கத்தைப் பெரிதாகக் காட்ட நடுவில் வெட்டியிருக்கிறார்களா? அப்புறம், இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டார்களா? அந்தப் பொருத்தம் 80 சதவீதத்துக்குக் குறைந்தால் இந்தத் துறையில் புருவம் உயரும். பேஸ்லைனிலேயே கோடு இறங்கிக்கொண்டிருந்தால் சிகிச்சைக்கு ஏன் பாராட்டு என்று தாராளமாகக் கேட்கலாம்.

இந்த வெளிப்படைத்தன்மை எனக்கு மிகவும் பிடிக்கும். சொதப்பிய நாளும் புள்ளியாக அங்கேயே நிற்கும். ஆனால் அது கிராஃபின் ஓரத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை.

திரையில்: கிராஃப் சிறிதாகிறது. சுற்றிலும் வெற்றுத் தாள்.

மாசசூசெட்ஸில் ஒரு நிறுவனம், ஆட்டிசம் உள்ளவர்கள் உட்பட அங்கே தங்கியிருப்பவர்களின் உடலில் மின் அதிர்ச்சிக் கருவி மாட்டி நடத்தையைக் கட்டுப்படுத்தி வந்தது. அங்கே பணிபுரிந்தவர்கள் இதே மாநாட்டில் ஆய்வுகளும் வாசித்திருக்கிறார்கள். அதிர்ச்சி கொடுத்தாலும் கோடு அழகாகப் பூஜ்யத்துக்கு இறங்கும்! எந்த நிலையிலும் இதைக் கடுமையாக எதிர்க்கிறோம் என்று சங்கம் அறிக்கை விட்டது 2022-இல்தான், அதுவும் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்திய பிறகு. ரொம்பத் தாமதம் என்பது என் கருத்து.

இத்தனைக்கும் கேட்க வேண்டிய கேள்வியை இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான மாண்ட்ரோஸ் வுல்ஃப் 1978-லேயே எழுதி வைத்துவிட்டார். இலக்கு சரியானதா, செய்த முறை ஏற்கத்தக்கதா, கிடைத்த பலன் சம்பந்தப்பட்டவர்களுக்குத் திருப்தியா? நடைமுறையில் பல போஸ்டர்களில் இது பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் நிரப்பி வாங்கிய ஒரு படிவமாகச் சுருங்கிவிடுகிறது. குழந்தை எழுந்து போக விரும்பினால் போக முடிந்ததா, மறுப்பு என்று எதை எடுத்துக்கொண்டீர்கள் என்பதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் கேள்வியாக இதையே கேட்பார்கள்.

அடுத்தது பணம். கிறிஸ்டன் பாட்டெமா-பாய்ட்டெலும் ஷானன் க்ரௌலியும் என்ற ஆய்வாளர்கள் 2021-இல், இத்துறை இதழ்களில் வந்த 180 ஆட்டிசம் ஆய்வுகளைச் சலித்தார்கள். 84 சதவீத ஆய்வுகளில் குறைந்தது ஓர் ஆசிரியராவது அதே வகைச் சிகிச்சையையோ பயிற்சியையோ தொழிலாகச் செய்பவர். அதை வெளியே சொன்ன ஆய்வுகள் 2 சதவீதம். சிகிச்சை கொடுப்பவரே ஆய்வு செய்வது குற்றமில்லை, வேறு யார் செய்வார்கள்? சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை. முதல் ஸ்லைடில் ஒரே வாக்கியம் போதும்: இந்தச் சிகிச்சை தரும் கிளினிக்கில் எனக்குச் சம்பளம்.

திரையில்: ஒரு போஸ்டரின் நடுவே பெரிய எழுத்தில் ஒரே வாக்கியம்.

வடிவமைப்பைப் பற்றிச் சுருக்கமாக. மைக் மாரிசன் என்ற உளவியல் மாணவர் 2019-இல் வீடியோ போட்டுப் பரப்பிய யோசனை இது: கண்டுபிடிப்பை எளிய மொழியில் நடுவில் பெரிதாகப் போடு, மீதியை ஓரத்துக்குத் தள்ளு. நல்ல யோசனைதான். ஆனால் இந்தத் துறையில் கிராஃபை ஓரத்துக்குத் தள்ளாதீர்கள், வாக்கியத்துக்குக் கீழேயே வையுங்கள்.

வீடியோ துண்டு போடுவதாக இருந்தால் இன்னும் யோசியுங்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், சரி. அந்தக் குழந்தை இருபது வயதில், தான் தரையில் புரண்டு அழுததை முந்நூறு பேர் பார்த்ததாகத் தெரிந்துகொண்டால்? கற்றுக் கொடுத்த விதத்தைக் காட்டத்தான் வீடியோ வேண்டும் என்றால், இரண்டு சகாக்களை வைத்து நடித்துக் காட்டினாலே போதும்.

சிம்போசியத்தில், அதாவது ஒரே தலைப்பில் சிலர் அடுத்தடுத்து ஆய்வு வாசிக்கும் அமர்வில், பேசுகிறவர்களுக்கு ஒன்று. கடைசியில் மற்றவர்களின் ஆய்வுகளை அலசிப் பேச ஒருவர் இருப்பார். உங்கள் ஸ்லைடுகளை அவருக்கு முதல் நாள் இரவு அனுப்பினால், "மிக அருமையான ஆய்வு" என்ற பாராட்டைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. முன்கூட்டியே அனுப்புங்கள், இறங்காத கோடுகளையும் சேர்த்து.

மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பும் கெடு பல மாதம் முன்பே முடிந்துவிடும். அப்போது டேட்டா பாதிதான் வந்திருக்கும். மேடையில் நிற்கும் நாளில் முடிவு வேறு மாதிரி திரும்பியிருந்தால், சுருக்கத்தில் எழுதியதைக் காப்பாற்றப் பார்க்காமல் புதுப் புள்ளிகளோடு கிராஃபைப் போட்டு, எது மாறியது என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.