ராபுன்சலுக்கு முன்னால் பெர்சினெட்

நண்பர்களே, வணக்கம். ஒரு படத்திலிருந்து தொடங்குகிறேன். 1697-இல் பாரிசில் வெளிவந்த சார்ல் பெரோவின் கதைத் தொகுப்புக்கு ஒரு முகப்புப் படம் உண்டு. கணப்பில் தீ எரிகிறது. வயதான ஒருத்தி நூல் நூற்றபடியே கதை சொல்கிறாள். மூன்று பேர் வாய் பார்த்துக் கேட்கிறார்கள். கதவில் ‘வாத்து அம்மாவின் கதைகள்’ என்று ஒரு பலகை. புத்தகத்தில் எட்டே கதைகள்தான். சின்ட்ரெல்லா, தூங்கும் அழகி, ஓநாயிடம் மாட்டிய சிவப்புக் குல்லாச் சிறுமி எல்லாரும் அதில் இருக்கிறார்கள்.

அந்தப் படம் நம் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாட்டி சொன்னாள், பெரோ எழுதி வைத்தார், அவ்வளவுதான் என்று இருந்துவிடுகிறோம். பாட்டிமார்களுக்குப் பங்கு உண்டு, சரி. ஆனால் அன்று பாரிசில் இந்தக் கதைகளை எழுதிக் குவித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மதாம் தோல்னுவா தன் முதல் கதையை 1690-இலேயே ஒரு நாவலுக்குள் வைத்து அச்சேற்றிவிட்டார். ‘தேவதைக் கதைகள்’ என்பதை நூலுக்குத் தலைப்பாக வைத்தவரும் அவர்தான். சிறுமியாக இருக்கும்போதே, ஏறக்குறைய முப்பது வயது மூத்தவருக்குக் கட்டிவைக்கப்பட்டவர். பிடிக்காத கல்யாணத்திலிருந்து தப்பி ஓடும் இளவரசிகளை அவர் கதைகளில் பார்க்கும்போது, எனக்கு அந்தச் சிறுமிதான் நினைவுக்கு வருகிறாள்.

அப்புறம் ஷார்லொத்-ரோஸ் தெ லா ஃபோர்ஸ். பதினான்காம் லூயியின் அரசவையிலிருந்து விலக்கப்பட்டு, கன்னிமாடத்துக்கு அனுப்பப்பட்டவர். அந்த நாட்களில் வெளியானதுதான் அவருடைய ‘பெர்சினெட்’. மசக்கைக்காரி ஒருத்திக்குப் பக்கத்துத் தோட்டத்து பார்ஸ்லிக் கீரைமேல் அடக்க முடியாத ஆசை. கணவன் திருடப் போகிறான். தோட்டத்துக்குச் சொந்தக்காரியான தேவதையிடம் பிடிபடுகிறான். கீரைக்கு விலையாகப் பிறக்கப்போகும் குழந்தையையே கொடுக்கிறான். அந்தக் குழந்தை பெர்சினெட் வளர்ந்து, வெள்ளிக் கோபுரத்தில் அடைபட்டு, சன்னலிலிருந்து கூந்தலை இறக்கிவிடுகிறாள். அதைப் பிடித்து ஓர் இளவரசன் ஏறி வருகிறான்.

ஆமாம், ராபுன்சல்! இத்தாலியின் பசீலே இதற்கு முன்பே இப்படியொரு கதை எழுதியிருக்கிறார். ஆனால் கிரிம் சகோதரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது லா ஃபோர்ஸின் கதை. 1790-இல் ஃப்ரீட்ரிஷ் ஷுல்ஸ் அதை ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். பார்ஸ்லி ராபுன்சல் கீரையானது அங்கேதான். 1812-இல் கிரிம் தொகுப்பில் அது ஜெர்மானிய நாட்டுப்புறக் கதையாக அமர்ந்துவிட்டது. எழுதிய பெண்ணின் பெயர் வழியிலேயே உதிர்ந்துபோனது.

பெயரோடு இன்னொன்றும் போயிற்று. கிரிம் கதையில் தேவதையின் இடத்தில் வரும் சூனியக்காரி பாதியிலேயே காணாமல் போகிறாள். லா ஃபோர்ஸின் தேவதை கடைசிவரை இருக்கிறாள். அவளுடைய கோபத்துக்கு ஆளான பெர்சினெட்டும் இளவரசனும் இரட்டைக் குழந்தைகளோடு பட்டினி கிடக்கிறார்கள். ரொட்டியைக் கையில் எடுத்தால் கல்லாகிறது. அதைப் பார்த்துத் தேவதையின் மனம் இளகிவிடுகிறது. தான் வளர்த்த பெண்ணை, குடும்பத்தோடு தங்கத் தேரில் ஏற்றி அனுப்பிவைக்கிறாள்.