எரிச்சே: கடல் பார்த்த மலையுச்சி ஊர்

வணக்கம் மக்களே! இப்போது நான் நிற்பது இத்தாலியில், சிசிலித் தீவின் மேற்கு ஓரத்தில் இருக்கிற எரிச்சே. மலையுச்சி ஊர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரம். காற்றுச் சத்தம் குறுக்கே வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவைக் கீழே திருப்புகிறேன், பாருங்கள். அரிவாள் மாதிரி வளைந்து கடலுக்குள் நீண்டிருக்கிறதே, அதுதான் திராப்பனி துறைமுகம். அதற்குத் தெற்கே கட்டம் கட்டமாக மின்னுவதெல்லாம் உப்பளம், ஓரத்தில் தண்ணீர் இறைக்கவும் உப்பு அரைக்கவும் வைத்திருந்த பழைய காற்றாலைகள். அப்பால் கடலில் ஃபவிஞ்ஞானா, லெவான்சோ, மரேத்திமோ என்று மூன்று தீவுகள்.

எல்லாரும் இங்கே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆதங்கம். இந்தக் காட்சிதான் இந்த ஊரின் வரலாறே. கப்பலில் வருகிறவனுக்கு வெகுதூரத்திலேயே இந்த மலை தெரிந்துவிடும், அதனால் உச்சியில் ஒரு பெண் தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. இங்கே வாழ்ந்த எலிமியர்கள் கும்பிட்ட தெய்வத்தை ஃபீனீசியர்கள் அஸ்டார்ட்டே என்றார்கள், கிரேக்கர்கள் அப்ரோடைட்டி என்றார்கள், ரோமர்கள் வீனஸ் என்றார்கள். கோயிலை மட்டும் யாரும் இடம் மாற்றவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிறாள், கோயில் புறாக்களும் கூடவே போகின்றன என்று நம்பினார்கள். ஒன்பது நாள் கழித்துப் புறாக்கள் திரும்பினால் ஊரே திருவிழா. வட ஆப்பிரிக்காவில் இருந்த கார்த்தேஜ் நகரத்தின் தளபதி ஹன்னிபாலோடு போர் நடந்தபோது ரோமர்கள் இதே வீனஸுக்குத் தங்கள் தலைநகரிலும் கோயில் எழுப்பினார்கள், கி.மு. 215-இல்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை இன்னொன்று, பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் செகெஸ்டா என்று ஒரு நகரம், அவர்களும் எலிமியர்கள்தான். எதிரியைச் சமாளிக்க ஏதென்ஸின் படை வேண்டும், செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். பார்க்க வந்த தூதர்களை இந்த மலைக்கோயிலுக்குக் கூட்டிவந்து கிண்ணம், அகப்பை, தூபக்கால் என்று காணிக்கைப் பாத்திரங்களை அடுக்கிக் காட்டினார்கள். எல்லாம் வெள்ளி, பார்வைக்குத்தான் பெரிது, மதிப்பு குறைவு. அப்புறம் வீட்டுக்கு வீடு விருந்து. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து இரவல் வாங்கிய தங்க, வெள்ளிக் கோப்பைகளே ஒவ்வொரு வீட்டிலும் மாறி மாறி வந்தன! தூதர்கள் நம்பிவிட்டார்கள். கி.மு. 415-இல் படை கிளம்பியது, வந்து பார்த்தால் சொன்ன பணம் இல்லை. கி.மு. 413-இல் அந்தப் படை சிசிலியிலேயே அழிந்துபோனது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் அந்தப் பாத்திரங்களை அடுக்கி வைத்த இடம் இதோ இந்தப் பாறை.

இப்போது அங்கே கோயில் இல்லை, நார்மன்கள் கட்டிய கோட்டைதான் இருக்கிறது. கோட்டையை எல்லாரும் பார்ப்பார்கள். நான் சொல்வது, ஊரின் ஓரமாகப் போகிற பழைய மதிலைத் தவறவிடாதீர்கள். கிட்டே வாருங்கள். அடியில் இருப்பவை பெரிய பெரிய, ஒழுங்கில்லாத கற்கள். மேலே போகப் போகக் கல் சின்னதாகிறது, அடுக்கும் நேராகிறது. ஒருவர் கட்டிய சுவரை இடிக்காமல் அதன்மேலேயே அடுத்தவர் ஏற்றிக் கட்டியிருக்கிறார். கீழ்க் கற்கள் சிலவற்றில் ஃபீனீசிய எழுத்துகள் செதுக்கியிருக்கின்றன. கண்ணாடித் தடுப்பு எதுவும் இல்லை, பாதையோரத்திலேயே இருக்கிறது. தயவுசெய்து தொட்டுத் தேய்க்காதீர்கள், மேலே பெயரும் கிறுக்காதீர்கள்.

பெரிய தேவாலயம் 1314-இல் எழுந்தது, வீனஸ் கோயிலின் கற்களை எடுத்துத்தான் கட்டினார்கள் என்பார்கள். மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, அது முதலில் காவல் கோபுரமாக இருந்தது.

மறுபடி அந்தத் தீவுகளைப் பாருங்கள். ஹன்னிபாலின் அப்பா ஹமில்கார் இந்த மலையில்தான் ரோமர்களோடு மல்லுக்கட்டினார். உச்சியிலும் ரோமர்கள், அடிவாரத்திலும் ரோமர்கள், நடுவில் இவர் படை. அப்படியும் அவரை இங்கிருந்து அசைக்க முடியவில்லை. கி.மு. 241-இல் அந்தத் தீவுகளுக்குப் பக்கத்தில் கார்த்தேஜின் கப்பற்படை தோற்றது, ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த முதல் பியூனிக் போர் அதோடு முடிந்தது. அந்தச் சண்டையில் மோதிய கப்பல்களின் முகப்பில் பொருத்தியிருந்த வெண்கல இடிமுனைகள் 20-க்கும் மேல், இந்த நூற்றாண்டில்தான் கடலடியிலிருந்து கிடைத்திருக்கின்றன.

பழைய மடாலயங்களில் இப்போது ஒரு அறிவியல் மையம் நடக்கிறது, இத்தாலிய இயற்பியலாளர் எத்தோரே மயோரானா பெயரில். 1982-இல் டிராக், கப்பிட்சா, சிக்கிக்கி என்ற இயற்பியலாளர்கள் மூவரும் அணு ஆயுதப் போட்டிக்கு எதிராக அறிக்கை எழுதியது இங்கேதான்.

சரி, வருவதானால் பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள், தெருக்கல் தேய்ந்து வழுக்குகிறது, பனிமூட்டம் இறங்கினால் இன்னும் மோசம். திராப்பனியிலிருந்து கேபிள் கார் உண்டு, காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள், அதனால் கிளம்பும்முன் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் இப்போது மதிலின் மிச்சத்தையும் நடந்து முடிக்கிறேன், கேமராவை அணைக்கவில்லை, கூடவே வாருங்கள்.