கொக்கலவிலிருந்து பறந்த கனடியர்

வணக்கம் நேயர்களே. கனடாவில் வாழும் நம்மவர்கள், அதிலும் இலங்கையிலிருந்து வந்தவர்கள், லெனார்ட் பேர்ச்சால் என்ற பெயரைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்ராறியோவின் சென்ட் கத்தரின்ஸில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, அவர் இருந்த கனடிய விமானப்படையின் 413ஆவது அணியை, ஸ்கொட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்துத் தீவுகளிலிருந்து அவசர அவசரமாக இலங்கைக்கு அனுப்பினார்கள். அந்த அணி இன்றும் நோவா ஸ்கோஷியாவில் இயங்குகிறது, அதன் சின்னத்தில் இருப்பது யானைத் தலை! பேர்ச்சால் இலங்கையின் தென்கரையில் இருக்கும் கொக்கலவில் வந்து இறங்கியது 1942 ஏப்ரல் 2. நாலாம் தேதியே ரோந்துக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் ஓட்டிய கட்டலினா தண்ணீரில் இறங்கக்கூடிய விமானம். வேகம் குறைவு, ஆனால் ஒரு நாள் முழுக்க வானத்தில் நிற்கும். உள்ளே 9 பேர். மாலையில், திரும்ப வேண்டிய நேரத்தில், தெற்கே அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் ஜப்பானியக் கடற்படை, நாலு மாதம் முன்னால் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே விமானந்தாங்கிக் கப்பல்கள், இலங்கைக்குத் தெற்கே சுமார் 560 கிலோமீட்டரில்.

அப்படியே திரும்பி ஓடியிருக்கலாம். ஆனால் எத்தனை கப்பல், எந்தத் திசை, என்ன வேகம் என்று எண்ணிக் கொழும்புக்குச் சொல்ல வேண்டுமே. செய்தியை மூன்று முறை அனுப்புவது விதி. மூன்றாம் முறை பாதியில், ஜப்பானியப் போர் விமானங்களின் குண்டு பட்டு வானொலிக் கருவி சிதறியது. விமானம் கடலில் விழுந்தது, மூன்று பேர் இறந்தார்கள், ஆறு பேர் பிடிபட்டார்கள். செய்தி அனுப்பினாயா என்று ஜப்பானியர் கேட்டபோது பேர்ச்சால் இல்லை என்று சாதித்தார். அந்த நேரம் பார்த்து, செய்தியைத் திரும்ப அனுப்பு என்று கொழும்பு கேட்டது ஜப்பானியர் காதிலும் விழுந்துவிட்டது. அப்புறம் விழுந்த அடியைச் சொல்லவா வேண்டும்.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது, ஆனால் துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் பெரும்பாலானவை அதற்குள் வெளியேறிவிட்டன. ஏப்ரல் 9இல் திருகோணமலை எரிந்தது, மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதனால், அவருக்குச் சூட்டிய 'இலங்கையின் இரட்சகர்' என்ற பட்டம் கொஞ்சம் பெரியதுதான். ஆனால் அந்தச் செய்தி போகாமல் இருந்திருந்தால் கொழும்பில் இழப்பு இன்னும் கூடியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய காரியம் அதற்குப் பிறகுதான். மூன்று வருடத்துக்கு மேல் ஜப்பானில் கைதி. நோயாளிகளை வேலைக்கு இழுத்தபோது குறுக்கே நின்று அடி வாங்கினார், அவர்களை விடும்வரை யாரும் வேலை செய்யமாட்டோம் என்று முகாமையே உட்கார வைத்தார். அத்தனை கொடுமைக்கு நடுவிலும் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதினார். போர் முடிந்ததும், போர்க்குற்ற விசாரணையில் அதுவே சாட்சியமானது.