குடித்தவர் சொன்னால்தான் காதில் ஏறும்

நடுவர் ஐயாவுக்கும், தடைக்காலத்தில் படகுகளைக் கட்டிப்போட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்திருக்கும் தங்கச்சிமடம் மக்களுக்கும் வணக்கம். 'குடிநோயாளியின் மனதை மாற்றுவது மருத்துவரின் அறிவுரையா, மீண்டவரின் தன்வரலாறா?' என்பது இன்றைய தலைப்பு. தன்வரலாறுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "அழவைக்கிற புத்தகத்தைப் படித்தால் கை நடுக்கம் நின்றுவிடுமா?" என்று கேட்டார். நிற்காது. பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். அதற்கு மருத்துவமனைதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த வாசல் வரைக்கும் அவரை நடக்க வைப்பது எது? அதுதான் இங்கே வழக்கு.

கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறளில் வள்ளுவர் இதை விசாரித்திருக்கிறார். குடித்து மயங்கியவனுக்குக் காரணம் காட்டித் திருத்தப் பார்ப்பது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவது போன்றது என்கிறது 929ஆம் குறள். கடலில் ஆளைத் தேடிப் பழகிய ஊர் இது. உங்களுக்கு உரை தேவையில்லை. அடுத்த குறள்: "கள்ளுண்ணாப் போழ்திற் களித்தானைக் காணுங்கால் உள்ளான்கொல் உண்டதன் சோர்வு." தான் குடிக்காமல் இருக்கும் நேரத்தில் இன்னொரு குடிகாரனைப் பார்த்தால், தன் நிலையும் இதுதானே என்று நினைக்க மாட்டானா? அறிவுரை தோற்ற இடத்தில் வள்ளுவர் இன்னொருவன் வாழ்க்கையைக் காட்டுகிறார்.

எதிரணி மருத்துவரைச் சாட்சிக்கு அழைத்தது. நானும் ஒரு மருத்துவரை அழைக்கிறேன். அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். குடி உடலை என்ன செய்யும் என்று அவருக்கு யார் பாடம் எடுப்பது? சிகிச்சைக்கும் பல தடவை சேர்ந்து பார்த்தார், குடி நிற்கவில்லை. 1935இல் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் அவரைச் சந்தித்தார். புத்தி சொல்லவில்லை. தான் குடித்துச் சீரழிந்த கதையைச் சொன்னார். குடியைப் பற்றிச் சொந்த அனுபவத்திலிருந்து தன்னிடம் பேசிய முதல் மனிதர் அவர்தான் என்று பாப் பிற்பாடு எழுதினார். நடுவில் ஒருமுறை சறுக்கினார். அதே வருடம் ஜூனில் குடியை விட்டவர், 1950இல் இறக்கும்வரை தொடவில்லை. அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு. அவர்கள் 1939இல் போட்ட புத்தகத்தில் பாதிக்கு மேல் மீண்டவர்களின் சொந்தக் கதைகள்!

"இந்தக் கதைகளில் பொய் இருக்கிறதே" என்றார் அண்ணன். போதையிலிருந்து மீண்ட தன் கதை என்று ஜேம்ஸ் ஃப்ரே என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதிய புத்தகத்தில் பொய் கலந்திருந்தது 2006இல் வெளிப்பட்டது உண்மைதான். ஆனால் போதையிலிருந்து மீண்ட டேவிட் கார் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் என்ன செய்தார்? நண்பன் தன்னிடம் துப்பாக்கி நீட்டியதாகவே பல வருடம் நம்பியிருந்தார். தன் பழைய வாழ்க்கையைத் தானே விசாரிக்கக் கிளம்பியபோது, துப்பாக்கி உன் கையில்தான் இருந்தது என்றான் அந்த நண்பன். அதையும் மறைக்காமல் 2008இல் புத்தகமாகப் போட்டார். தன் நினைவையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவரை எப்படி நம்பாமல் இருப்பது?

இந்தக் கதைகள் குடிப்பவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கரையில் பங்குப் பணம் வாங்கியதும் கணவர் நேராகக் கடைக்குப் போகிறார். மறுநாள் விடியுமுன்னே மறுபடி குடிக்கிறார். வீட்டில் இருப்பவள் அதைத் திமிர் என்றுதான் எடுத்துக்கொள்வாள். வேறு எப்படி எடுப்பாள்? காலைக் குடி சந்தோஷத்துக்கு அல்ல, வலையைப் பிடிக்கிற அளவுக்காவது கை நடுங்காமல் இருக்கத்தான் என்று மீண்டவர் ஒருவர் சொல்லும்போது, அவளுக்கு அந்த விடியற்காலை புரிகிறது. பிள்ளையின் உண்டியலை உடைத்ததையும், அதற்காக அன்றிரவு கூசியதையும், மறுநாள் அதையே செய்ததையும் அவர்தான் சொல்ல முடியும். அவள் கோபம் போய்விடாது, போகவும் வேண்டாம். ஆனால் இது நோய், இதற்கு வைத்தியம் உண்டு என்று அன்றைக்குத்தான் நம்புவாள். உங்கள் மருத்துவமனைக்கு ஆள் அனுப்புவதே எங்கள் அணிதான் அண்ணே!

அடுத்துப் பேசப்போகும் எதிரணி அக்காவுக்கு ஒரு கேள்வி. அந்தப் பெண் உங்களிடம் வந்தால் மருத்துவமனை விலாசம் கொடுப்பீர்கள். சரி. "நான் ஒன்றும் நோயாளி இல்லை" என்று அவள் கணவர் வர மறுத்தால், அப்புறம் யாரைக் கூட்டிப்போய் அவர் பக்கத்தில் உட்கார வைப்பீர்கள்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள் அக்கா.